ஒரே ஒருத்திக்குப் போன செய்தி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் மேடம், எனக்குக் கோடிங் தெரியாது. இந்தக் கம்பெனியில் சேர்ந்த புதிதில் அதை நினைத்துக் கூச்சப்பட்டிருக்கிறேன். பிறகு அது தேவையே இல்லை என்று ஆகிவிட்டது. திரையில் பெட்டிகள் இருக்கும். ‘இது நடந்தால்’ என்று ஒரு பெட்டி, ‘இப்படி இருந்தால்’ என்று ஒரு பெட்டி, ‘இதை அனுப்பு’ என்று ஒரு பெட்டி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கோடு இழுத்துவிட்டால் போதும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும்.

நமக்கு இரண்டு கிடங்குகள் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் வேடிக்கையாகச் சொல்வேன். ஒன்றில் மளிகையும் மருந்தும் சோப்பும் இருக்கும். இன்னொன்றில் அதையெல்லாம் யார் வாங்கினார்கள், எந்த வீட்டுக்குப் போயிற்று, யார் கையெழுத்துப் போட்டு வாங்கினார்கள் என்ற விவரம் இருக்கும். முதல் கிடங்குக்குள் எலி வரும், இரண்டாவதுக்குள் நாங்கள் வருவோம் என்பேன். சிரிப்பார்கள். அந்த இரண்டாவது கிடங்கிலிருந்து வாடிக்கையாளர் கையில் இருக்கும் ஃபோன்வரை குழாய் போட்டுக் கொடுப்பதுதான் என் வேலை. வீட்டில் சலவைத்தூள் தீரப்போகிற சமயம் பார்த்து உங்கள் ஃபோன் ‘டிங்’ என்றால், அது என்னைப் போல யாரோ இழுத்த கோடு.

இந்த விசாரணையில் நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. லட்சக்கணக்கான பேருக்குச் செய்தி போகிற இடத்தில், ஒரே ஒரு ஃபோனுக்கு மட்டும் போகிற மாதிரி ஓர் இணைப்பு ஒன்றரை வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறதே, அது என்ன என்று கேட்டீர்கள். சோதனைக்குப் போட்டது, நிறுத்த மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். நீங்களும் எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவீர்கள். அந்த ஃபோன் என் தங்கையுடையது.

வீட்டில் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். முப்பத்தெட்டு வயதிலும் பாப்பாதான். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தபோது அவள் பள்ளிக்கூட வேலையில் இருந்தாள். அதை விட்டுவிட்டாள். யாரும் விடச் சொல்லவில்லை. விட வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது, துணி மாற்றுவது எல்லாம் அவள்தான். அப்பாவுக்குப் பேச்சும் போய்விட்டிருந்தது. ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியது, ‘பாப்பா’. தண்ணீர் வேண்டுமென்றாலும் அதுதான், வலித்தாலும் அதுதான். என்னைப் பார்த்தாலும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

அப்பாவின் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்யப் போன இடத்தில்தான் அவளுக்கு அந்த மனிதர் பழக்கமானார். சின்னதாக ஒரு கண்ணாடிக்கடை வைத்திருந்தார், மனைவியை இழந்தவர். படுத்த படுக்கையாக இருக்கும் மனிதரின் கண்ணாடி எப்படி இத்தனை தடவை உடைகிறது என்று என் மனைவிதான் முதலில் கேட்டாள். பாப்பா முகம் சிவந்துபோய் எழுந்து உள்ளே போய்விட்டாள். கல்யாணம் ஆயிற்று. எளிமையாக நடந்தது. நான்தான் முன்நின்று செய்துவைத்தேன். எல்லோரும் என்னை நல்ல அண்ணன் என்றார்கள். அன்றைக்கு அது பொய்யில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அவள் போன பிறகு வீட்டில் என்ன ஆயிற்று என்பதை நான் எல்லோரிடமும் ஒரே மாதிரிதான் சொல்லியிருக்கிறேன். என் மனைவியால் அப்பாவைப் பார்த்துக்கொள்ள முடியவில்லை, பல் டாக்டரிடம் ரிசப்ஷனில் நாள் முழுக்க நிற்கிறவள், வந்து இதையும் செய்ய அவளுக்குத் தெம்பு இல்லை. இங்கேயும் அப்படித்தான் சொல்வதாக இருந்தேன். ஆனால் அது சரியில்லை. அவள் செய்தாள். வேலைக்குப் போகும் முன் செய்தாள், வந்தும் செய்தாள். ஒருநாள் என்னிடம், “நான் முடியாதுன்னு சொல்லலைங்க. மதியம் நீங்க வீட்லதானே வேலை பாக்கறீங்க. அப்போ ஒரு தடவை மட்டும் நீங்க மாத்திவிடுங்க. உங்க அப்பாதானே” என்றாள். நியாயமான பேச்சு. என்னால்தான் முடியவில்லை. அந்த வாடையும், அவர் உடம்பைத் தொடுவதும், தொடும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வதும் எனக்கு ஒத்துவரவில்லை. ஆள் வைத்துப் பார்த்தோம். புது ஆள் கை பட்டால் அப்பா வாயை இறுக மூடிக்கொண்டு சாப்பிட மறுத்தார். இரண்டு பேர் வந்தார்கள், இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள்.

மதியங்களில் நான் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்ளப் பழகினேன்.

அந்தச் சமயத்தில்தான் பொருள் கொடுத்தாயிற்று என்று தெரிவிக்கும் செய்திக்கு ஒரு புது இணைப்பு செய்யச் சொன்னார்கள். இந்த மாதிரி வேலையை முதலில் தெரிந்தவர் யாருடைய கணக்கிலாவது ஓடவிட்டுப் பார்ப்போம். நான் பாப்பாவின் வீட்டுக் கணக்கை எடுத்தேன். குடும்பக் கணக்கு அது. கணவன் ஃபோன், மனைவி ஃபோன் இரண்டும் அதில் சேர்ந்திருக்கும். யார் ஆர்டர் போட்டார்களோ அவர்களுக்கு மட்டும்தான் அதன் விவரம் தெரியும், செய்தியும் போகும். கிடங்கைத் திறந்து பார்த்தால் அந்தக் கணக்கில் இரண்டு முகவரிகள் இருந்தன. ஒன்றுக்கு ‘எங்க வீடு’ என்று பெயர் வைத்திருந்தார் மாப்பிள்ளை. இன்னொன்றுக்கு ‘பழைய வீடு’. அந்த இரண்டாவது முகவரிக்கு வாரம் தவறாமல் பொருள் போய்க்கொண்டிருந்தது. ரோஜா சோப்பு, தலைக்குப் போடும் சாயம், பெண்கள் போடும் கம்பளிக் காலுறை.

தேடிப் போய்ப் பார்க்கவில்லை மேடம். கண்ணில் பட்டது, அவ்வளவுதான். அடுத்த நாள்தான் கிடங்குக்குள் தேடிப் போனேன்.

செய்தது மிகவும் சுலபம். அந்தக் கணக்கிலிருந்து ஒரு பொருள் கொடுக்கப்பட்டால், என்று முதல் பெட்டி. முகவரியின் பெயர் ‘பழைய வீடு’ என்று இருந்தால், என்று அடுத்தது. மனைவியின் ஃபோனுக்கு அனுப்பு, என்று கடைசிப் பெட்டி. நடுவில் ‘காத்திரு’ என்று ஒரு பெட்டி உண்டு. காலையில் கொடுத்த பொருளுக்கான செய்தியை மதியச் சாப்பாடு முடிந்த பிறகு போகும்படி வைத்தேன். அவள் வேலையெல்லாம் முடித்துவிட்டுத் தனியாக ஃபோனை எடுத்து உட்காரும் நேரம் அது. அதுவும் கிடங்கில்தான் இருந்தது. அந்தப் பெட்டிகளை நான் இணைத்துக்கொண்டிருந்த மதியம் முழுக்கப் பக்கத்து அறையில் அப்பா கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஹெட்ஃபோனையும் மீறிக் கேட்டது. சாயங்காலம் என் மனைவி வந்து பார்த்தபோது விரிப்பெல்லாம் நனைந்து முதுகெல்லாம் சிவந்திருந்தது. அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. வெந்நீர் வைக்கப் போய்விட்டாள். எனக்கு அது ஆறுதலாக இருந்தது என்பதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அவளுக்குத் தெரிந்துகொள்ள உரிமை இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் அனுப்பிய எந்தச் செய்தியிலும் ஒரு சொல் பொய் கிடையாது.

சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பாப்பா வந்தாள். வந்ததும் அப்பாவைத்தான் போய்ப் பார்த்தாள், விரிப்பை மாற்றினாள், நகம் வெட்டிவிட்டாள். அப்புறம் என் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து ஃபோனை நீட்டினாள்.

“அண்ணா, இது உங்க கம்பெனி மெசேஜ்தானே?”

நான் எழுதிய வாசகம்தான். ‘உங்கள் ரோஜா சோப்பு, பழைய வீடு முகவரியில் ஒப்படைக்கப்பட்டது. நன்றி.’

“ஆமா.”

“நான் எதுவும் வாங்கலண்ணா. வேற யாருக்கோ போக வேண்டியது எனக்கு வருதுன்னு நெனைக்கிறேன்.”

“மாப்பிள்ளைகிட்ட கேட்டியா?”

“கேட்டேன். கடைக்கு ஏதோ வாங்கினேன்னாரு. கண்ணாடிக்கடைக்கு எதுக்கு ரோஜா சோப்பு?” என்று சிரித்தாள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன் என்று பார்த்தாள். நான் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் ஃபோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “மெசேஜ் தப்பா வர்றதெல்லாம் உண்டுதானே? உண்டுன்னு சொல்லுண்ணா, போதும்” என்றாள்.

உண்டு. தினமும் நூற்றுக்கணக்கில் தப்பாகப் போகிறது. அது உங்களுக்கே தெரியும்.

“செக் பண்ணிச் சொல்றேன் பாப்பா” என்றேன்.

செக் பண்ண என்ன இருக்கிறது. இரண்டு நாள் விட்டுவிட்டு ஃபோன் செய்தேன். “முகவரி சரிதான். சிஸ்டத்துல தப்பு ஒண்ணும் இல்ல” என்றேன். அது யாருடைய வீடு என்று கேட்டாள். “அதை நான் சொல்லக்கூடாது பாப்பா. கஸ்டமர் விவரம். சொன்னா என் வேலை போயிடும்” என்றேன். “சரிண்ணா, உன் வேலைக்கு ஒண்ணும் வந்துடக் கூடாது” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அந்த வார்த்தையை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்குவதில்லை. ஆனால் அன்று இறங்கியது.

இன்னும் இரண்டு, மூன்று செய்திகள் போயின. அவள் கேட்கக் கேட்க மாப்பிள்ளை ஒவ்வொரு தடவையும் வேறு வேறு மாதிரி சொல்லியிருக்கிறார். மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் பெட்டியோடு வந்து நின்றாள். ‘வா’ என்றேன், எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததற்காக என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்பாவின் முகத்தில் வேலை செய்கிற பாதி சிரித்தது. பாப்பா, பாப்பா என்று ஓயாமல் கூப்பிட்டார், அன்றைக்குத்தான் அந்தச் சொல் போய்ச் சேர வேண்டிய ஆளிடம் போய்ச் சேர்ந்தது. அன்று மதியம் நான் ஹெட்ஃபோன் இல்லாமல் வேலை பார்த்தேன்.

மாப்பிள்ளை வந்தார். பாப்பா அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். நான் அவரை வாசலிலேயே நிறுத்திப் பேசினேன். அவர் சண்டை போடுகிற ஆள் இல்லை.

“மச்சான், நீங்கதானே சொன்னீங்க, பழைய சொந்தத்தையெல்லாம் விட்டாத்தான் பொண்ணு குடுப்பேன்னு. உங்களுக்கு வாக்குக் குடுத்துட்டேனேன்னுதான் அவகிட்ட மறைச்சேன். அது என் செத்துப்போன வீட்டுக்காரியோட அம்மா. அவங்களுக்கு வேற யாருமில்ல. நான் சொன்னா இப்போ அவ நம்ப மாட்டேங்கறா. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க.”

இதை நான் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன் அவர் கடைக்குப் போய், செத்துப்போன மனைவி பக்கத்து உறவே இனிமேல் கூடாது என்று நான்தான் கேட்டு வாங்கினேன். அப்போதே அவர், “வயசானவங்க மச்சான்” என்று இழுத்தார். ஒரு அண்ணன் கேட்கக்கூடிய விஷயம்தான் என்று வெளியே சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள், இதற்கு அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் கல்யாணம் நின்றுவிடும், பாப்பா வீட்டோடு இருப்பாள் என்ற எண்ணம் இருந்தது. அவர் ஒத்துக்கொண்டுவிட்டார்.

“இப்போ அவ மனசு சரியில்ல மாப்பிள்ளை. கொஞ்ச நாள் போகட்டும், நானே பக்குவமா எடுத்துச் சொல்றேன்” என்றேன். கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். நான் எடுத்துச் சொல்லவில்லை.

பிறகு அந்த அம்மாவே வந்தார். எப்படி விலாசம் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை. எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கதவைத் திறந்தபோது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். முடிக்குச் சாயம் போட்டு அழகாக வாரியிருந்தார், காலில் கம்பளிக் காலுறை. கிட்டே நின்றபோது ரோஜா வாசனை அடித்தது.

“தம்பி, நான் பாப்பாவைப் பாக்கணும். ரெண்டு நிமிஷம் போதும். என்னைப் பாத்தாலே அவளுக்குப் புரிஞ்சிடும்” என்றார்.

“அவ இங்க இல்லீங்க. தோழி வீட்டுக்குப் போயிருக்கா. வர நாளாகும்.”

உள்ளே குளியலறையில் பாப்பா அப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. “அந்தக் கையைத் தூக்குங்கப்பா, சமத்து” என்று அவள் சொன்னது வாசல்வரை தெளிவாகக் கேட்டது. அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். நானும் அவர் முகத்தைப் பார்த்தேன்.

“இல்லைன்னா சரி தம்பி” என்றார். “வந்தேன்னு மட்டும் சொல்லுங்க.”

படி இறங்க அவருக்கு நெடுநேரம் பிடித்தது. நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்று, ஒவ்வொரு படியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். பாப்பா உள்ளேயிருந்து “யாருண்ணா?” என்றாள். தப்பான வீடு, தேடி வந்துவிட்டார்கள் என்றேன்.

அவரைப் பார்த்து நான் ஆச்சரியப்படவில்லை. வயதானவர் என்று முதல் நாளே எனக்குத் தெரியும். டெலிவரி பையனுக்காக மாப்பிள்ளை ஒரு குறிப்புப் போட்டு வைத்திருந்தார், அது ஒவ்வொரு ஆர்டரோடும் கிடங்கில் வந்து விழும். ‘வயசானவங்க, மெதுவாத்தான் வந்து கதவு திறப்பாங்க, தயவுசெஞ்சு பெல்லைத் திரும்பத் திரும்ப அடிக்காதீங்க.’ செய்தி தயாரிக்கும்போது அந்தக் குறிப்பையும் சேர்க்கட்டுமா என்று திரையே என்னைக் கேட்டது. வேண்டாம் என்று டிக்கை எடுத்தேன். அதே ஆர்டர்களில் மூட்டுவலித் தைலமும், பல்செட் கழுவும் மாத்திரையும், கைத்தடிக்கு அடியில் மாட்டும் ரப்பரும் இருந்தன. அவை செய்தியில் வராதபடி ஒரு நிபந்தனை போட்டேன். சோப்பும் சாயமும் மட்டும் போனால் போதும் என்று. பொய் ஒன்றும் எழுதவில்லை என்று சொன்னேன் அல்லவா, அது இப்படித்தான்.

பாப்பா வந்துவிட்ட பிறகு அதை ஏன் நிறுத்தவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். மறந்துவிட்டேன் என்று சொன்னால் நம்பாதீர்கள். ஒருநாள் ‘எங்க வீடு’ என்ற முகவரி கணக்கிலிருந்து காணாமல் போயிற்று. ‘பழைய வீடு’ என்பதன் பெயரை மாப்பிள்ளை வெறும் ‘வீடு’ என்று மாற்றியிருந்தார். பாப்பாவோடு இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு அந்த அம்மாவுக்குத் துணையாகப் போயிருக்கிறார். பெயர் மாறியதால் என் நிபந்தனை பொருந்தவில்லை, செய்தி தானாக நின்றுவிட்டது. அப்படியே விட்டிருந்தால் இன்று நீங்கள் என்னைக் கூப்பிட்டிருக்கவே மாட்டீர்கள். நான் உட்கார்ந்து நிபந்தனையைத் திருத்தினேன். ‘உங்கள் ரோஜா சோப்பு, வீடு முகவரியில் ஒப்படைக்கப்பட்டது.’ அவர் அங்கேயே குடியேறிவிட்டார் என்று அவளுக்குத் தெரிய வேண்டும், திரும்பிப் போகிற நினைப்பு இருந்தால் அதுவும் அற்றுப்போக வேண்டும் என்பதற்காகச் செய்தேன்.

செய்தியைத் திறந்தார்களா என்பதும் கிடங்கில் பதிவாகும். பொதுவாக நூறு பேருக்கு அனுப்பினால் நாலைந்து பேர் திறப்பார்கள், அதற்கே நாங்கள் கேக் வெட்டுவோம். அவள் ஒன்றுவிடாமல் திறந்திருக்கிறாள். வந்த நிமிடமே திறந்திருக்கிறாள். ஒருமுறைகூட என்னிடம் அதைப் பற்றிப் பேசியதில்லை, கணக்கிலிருந்து தன் ஃபோனை எடுக்கவும் இல்லை. அடுத்த அறையில் அப்பாவுக்கு ஊட்டிக்கொண்டிருக்கும்போது அவள் ஃபோன் ‘டிங்’ என்னும். ஸ்பூன் கிண்ணத்தில் நிற்கிற சத்தம் கேட்கும். சற்று நேரம் கழித்து மறுபடியும் ஊட்டத் தொடங்குவாள். அவள் அதில் எதைத் தேடினாள் என்று எனக்குத் தெரியாது. மாப்பிள்ளை உயிரோடு நன்றாக இருக்கிறார் என்று அதிலிருந்துதான் தெரிந்துகொண்டாளோ என்னவோ.

என் மனைவிக்கு இது தெரியாது. தெரிந்தால் என்னை விட்டுப் போய்விடுவாள், போகவும் வேண்டும். எனக்கு வெட்கமாக இருக்கிறது மேடம். ஆபீசில் மாட்டிக்கொண்டேன் என்பதால் வந்த வெட்கம் என்று நினைக்காதீர்கள். பாப்பா எனக்குத் தட்டு வைக்கும்போது நிமிர்ந்து பார்க்க முடியாமல் இருக்கிறேன். அவள், அண்ணனுக்கு ஆபீசில் என்ன கஷ்டமோ என்று அண்ணியிடம் கவலைப்பட்டாளாம்.

ஆகவே ஆம், செய்தவன் நான்தான். வேறு யாருக்கும் பங்கு இல்லை. என் தங்கையின் கல்யாணத்தை நான் திட்டம் போட்டுக் கலைத்தேன். என் அப்பாவின் துணியை நான் மாற்றாமல் இருப்பதற்காகக் கலைத்தேன். காரணம் அவ்வளவுதான். பெரிதாக ஏதாவது காரணம் இருக்கும் என்று நானும் நிறைய நாள் தேடிப் பார்த்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ சொல்லுங்கள், போட்டுவிடுகிறேன். வேலையை விட்டு எடுப்பீர்கள், எடுங்கள். போலீசுக்குப் போவதென்றாலும் நான் தடுக்கவில்லை.

பாதிக்கப்பட்ட வாடிக்கையாளருக்குக் கம்பெனியே எழுத்துமூலம் தெரிவித்தாக வேண்டும், அதுதான் விதி என்றீர்கள். நியாயம்தான். அதில் மட்டும் ஒரு வேண்டுகோள். அப்பா இருக்கும்வரை அதைத் தள்ளிப்போட முடியுமா என்று பாருங்கள். டாக்டர் அதிக நாள் இல்லை என்றுதான் சொல்கிறார். போன வருடமும் அப்படித்தான் சொன்னார், அது வேறு விஷயம். எனக்காகக் கேட்கவில்லை மேடம். தெரிந்தால் அவள் அந்த நிமிடமே எழுந்து வெளியே போய்விடுவாள். இத்தனை ஆன பிறகு, இந்த வயதில், போக்கிடம் இல்லாமல் அவள் எங்கே போய் நிற்பாள் என்பதுதான் எனக்குக் கவலை.